அடைக்கோழி வாங்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்குபேட்டர் வேண்டாம், கோழியை வைத்தே குஞ்சு பொரித்துக்கொள்ளலாம் என்று புறக்கடை வளர்ப்பில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது சந்தையில்தான். "நாட்டுக்கோழின்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. முட்டை நல்லா போடுது, ஆனா ஒரு வருஷமாச்சு, அடைக்கு உட்காரவே இல்லை" என்று புலம்புவார்கள். அந்தப் புலம்பலிலேயே விடை இருக்கிறது. நிற்காமல் முட்டை போடுகிற கோழி அடைக்கு உட்காராது.

பெட்டை பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் உடலில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறும், முட்டை நிற்கும், முட்டை மேல் உட்காரத் தூண்டும் அடை வேகம் வரும். 21 நாள் அடை, பிறகு இரண்டு மாதம் போலக் குஞ்சு மேய்ப்பு. இவ்வளவு நாளும் முட்டை கிடையாது. அதனால்தான் முட்டைக்காகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய இனங்களில் இந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக்கட்டிவிட்டார்கள். வெள்ளை லெகார்ன் இதற்கு நல்ல உதாரணம். வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்படுத்திய ரகங்களும் இந்த வழியில் வந்தவையே. பார்வைக்கு நாட்டுக்கோழி மாதிரி கலர் கலராக இருக்கும், புறக்கடையில் நன்றாக மேயும். அடைக்கு மட்டும் நம்ப முடியாது. இவற்றை வாங்குவது தவறில்லை, அடைக்கோழியாக நினைத்து வாங்குவதுதான் தவறு.

கடக்நாத்தும் இதே கதைதான். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதிக் கோழி, அதன் இறைச்சி 2018இல் புவிசார் குறியீடு வாங்கியது, அசல் நம் நாட்டு இனம். அப்படியானால் அடை உட்காரும் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான கடக்நாத் பெட்டைகள் அடையில் நிலைப்பதில்லை. வளர்க்கிற பலரும் அதன் முட்டையை வேறு கோழிக்கு அடியில்தான் வைக்கிறார்கள்.

அந்த "வேறு கோழி" நம் பக்கத்தில் பெரும்பாலும் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வகைதான். ஒன்றரை கிலோவுக்குள் நிற்கும் சின்ன உடம்பு, வருஷத்துக்கு முட்டையும் குறைவு. ஆனால் அடைக்கு உட்கார்ந்தால் எளிதில் எழாது. சண்டைக்கோழி வழியில் வந்த பெருவிடை, அசில் பெட்டைகளும் நன்றாக உட்காரும், குஞ்சைக் காப்பதில் சிறுவிடையை மிஞ்சும். காக்கையோ கீரியோ கிட்டே வந்தால் எகிறிப் பாயும். இங்கே வரும் தவறு, "பெரிய கோழி, நிறைய முட்டை வைக்கலாம்" என்று நினைப்பது. உடல் கனத்தால் முட்டையில் விரிசல் விழுவதும், பொரிந்த அன்றே குஞ்சு மிதிபடுவதும் கனமான பெட்டைகளிடம்தான் அதிகம். பக்கத்தில் வேறொரு தாய்க்கோழி இருந்தால் அதன் குஞ்சுகளைக் கொத்திக் கொல்லும் ஆக்ரோஷமும் சண்டைக்கோழி வழியில் உண்டு. இடம் குறைவு, கோழிகள் சேர்ந்து மேய்கின்றன என்றால் என் ஓட்டு சிறுவிடைக்கே. அதற்குப் பத்து முதல் பன்னிரண்டு முட்டை போதும். எல்லா முட்டையும் வயிற்றுக்கு அடியில் மறைய வேண்டும், அதுதான் அளவு. வெளியே தெரிகிற முட்டை சூடு கிடைக்காமல் வீணாகும். கோழி முட்டைகளை உருட்டி இடம் மாற்றிக்கொண்டே இருப்பதால், இன்று ஓரத்தில் இருந்தது நாளைக்கு நடுவில், நடுவில் இருந்தது ஓரத்தில். பேராசையாக நாலு முட்டை கூட வைத்தால் அந்த நாலோடு நஷ்டம் நிற்காது.

இன்னொன்று, இனம் சரியாக இருந்தாலும் வளர்ந்த வழி தெரியாமல் வாங்குவது. இப்போது சிறுவிடை என்று விற்பதில் பலவும் பொரிப்பகத்தில் இன்குபேட்டரில் பொரித்தவை. அங்கே முட்டைக்கு யாரும் அடைக்கோழியைத் தேடுவதில்லை. அதிகம் முட்டை இடுகிற கோழியின் வாரிசுகளே பெருகும். நாலைந்து தலைமுறை இப்படிப் போனால் பெயர் சிறுவிடையாக இருக்கும், குணம் தேய்ந்திருக்கும். விற்கிறவரிடம் விலை கேட்பதற்கு முன், "இதோட தாய் அடை உட்கார்ந்து பொரிச்சுதா?" என்று கேளுங்கள். ஊர்க்காரர் வீட்டுக் கோழி என்றால் டக்கென்று பதில் வரும். வியாபாரி என்றால் மழுப்புவார்.

சரி, கோழி அடைக் கூண்டில் உட்கார்ந்துவிட்டது. உடனே நல்ல முட்டைகளைக் கொண்டுபோய் வைப்பது அடுத்த தவறு. முட்டையிட உட்கார்ந்த கோழியும் அரைமணி, ஒருமணி நேரம் அங்கேயே இருக்கும். ராத்திரி போய்ப் பாருங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் கையை மெல்ல வயிற்றுக்கு அடியில் விடுங்கள். அடை வேகம் உள்ள கோழி எழுந்து ஓடாது. சிறகை விரித்து, உடம்பைப் பலூன் மாதிரி உப்பிக்கொண்டு, அடித்தொண்டையில் "கொர்ர்" என்று உறுமும், கையைக் கொத்தும். நெஞ்சுப் பக்கம் இறகு உதிர்ந்து தோல் சுடச்சுட விரலில் படும். பகலில் ஒரே ஒருமுறை இறங்கி, தின்று, குடித்து, நாற்றமடிக்கும் பெரிய எச்சமாக ஒன்று போட்டுவிட்டுத் திரும்ப ஏறும். இரண்டு மூன்று நாள் ஒன்றிரண்டு வேண்டாத முட்டையை வைத்து இதைப் பார்த்தபின், இரவில் நல்ல முட்டைகளை மாற்றி வையுங்கள். அவை ஒரு வாரத்துக்குள் இட்டவையாக இருக்கட்டும்.

முதல் ஈடு முட்டையிலேயே விடைக்கோழியை, அதாவது இப்போதுதான் முட்டையிடத் தொடங்கிய இளம் பெட்டையை, அடைக்கு நம்புவதும் வேண்டாம். சில விடைகள் பத்தாம் நாள் எழுந்து போய்விடும். முதல் முறை நாலைந்து முட்டை மட்டும் கொடுத்துப் பாருங்கள். வாத்து முட்டைக்கு 28 நாள் வேண்டும், அதை விடைக்கு வைக்கவே கூடாது.

அப்புறம், அடையில் நன்றாக உட்கார்ந்த கோழியெல்லாம் நல்ல தாய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 21 நாளும் அசையாமல் இருந்துவிட்டு, பொரிந்த குஞ்சையே கொத்துகிற கோழி உண்டு. இரண்டே வாரத்தில் குஞ்சை விட்டுவிட்டுச் சேவலோடு திரியப் போகிற கோழியும் உண்டு. அதனால் வாங்கினால், ஒரு தடவையாவது குஞ்சு வளர்த்துப் பிரித்துவிட்ட கோழியாக வாங்குங்கள். குஞ்சுகள் இரண்டு மாதம் தாண்டி, தாய் அவற்றைக் கொத்தி விலக்கும் சமயத்தில் போய்ப் பார்த்தால், எத்தனை பொரித்தது, எத்தனை பிழைத்தது என்று கண்ணாலேயே எண்ணிவிடலாம். அப்படிப்பட்ட கோழியை யாரும் எளிதில் விற்க மாட்டார்கள், கூடுதலாகக் கேட்பார்கள். பேரம் பேசாமல் கொடுக்கலாம். விற்கவே மாட்டேன் என்றால், உங்கள் முட்டையைக் கொடுத்து, பொரிகிற குஞ்சில் பாதி என்று பங்குக்குப் பேசிப் பாருங்கள்.