கல்விச் சமூகவியல்: ஒரே கேள்வியை வைத்துக் கோட்பாடுகளைக் கற்பது எப்படி

கல்விச் சமூகவியலுக்குப் புதிதாக வருபவர் கையில் பெரும்பாலும் ஓர் அட்டவணை இருக்கும்: செயற்பாட்டியம் (சமூகம் நிலைக்க ஒவ்வொரு அமைப்பும் என்ன பணி செய்கிறது என்று பார்ப்பது), முரண்பாட்டுக் கோட்பாடு (யாருக்கு ஆதாயம் என்று பார்ப்பது), இடைவினைவாதம் (ஆட்கள் நேருக்கு நேர் பழகும் விதத்தைப் பார்ப்பது). ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர், மூன்று வரி. தேர்வுக்கு அது போதும். ஒரு பள்ளிக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லப் போதாது. முந்தைய கோட்பாடு பதில் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் அடுத்தது பிறந்திருக்கிறது. அதனால் ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, அதையே ஒவ்வொரு கோட்பாட்டிடமும் கேட்டுப் பாருங்கள்.

"கல்வியில் சமத்துவமின்மை" என்பது தலைப்புதான், கேள்வி ஆகாது. யாரைப் பற்றி, கல்வியின் எந்தக் கட்டத்தில், யாரோடு ஒப்பிட்டு என்ற மூன்றும் கேள்விக்குள் இருக்க வேண்டும். உதாரணமாக: "பெற்றோர் அதிகம் படிக்காத வீட்டுப் பிள்ளைகள், படித்த வீட்டுப் பிள்ளைகளைவிட ஏன் குறைவாக உயர்கல்விக்குப் போகிறார்கள்?" கீழே இதையே பின்தொடர்வோம்.

துர்கைமிலிருந்து கோல்மன் வரை

செயற்பாட்டியத்திலிருந்து தொடங்குவோம். பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1887 முதல் போர்தோவிலும் 1902 முதல் பாரிஸிலும் கல்வியைப் பற்றி விரிவுரை ஆற்றியவர். ஒரு சமூகம் தன் அடுத்த தலைமுறையைத் தன் நெறிகளுக்குள் கொண்டுவரும் வழியாகக் கல்வியைப் பார்த்தார். இதை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது டால்கட் பார்சன்ஸின் 1959-ஆம் ஆண்டுக் கட்டுரை. வீட்டில் பிள்ளை "நம் பிள்ளை" என்பதற்காகவே நடத்தப்படுகிறது. பள்ளியில் எல்லோருக்கும் ஒரே அளவுகோல். அந்த அளவுகோலின்படி சமூகத்தின் வேலைகளுக்கு ஆள் தேர்வாகிறது என்றார்.

நம் கேள்விக்கு இது தரும் பதில்: திறமைக்கேற்பப் போகிறார்கள். மதிப்பெண் திறமையை மட்டும்தான் அளக்கிறது என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டால்தான் இந்தப் பதில் நிற்கும். இந்த முன்முடிவைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் இங்கேதான் கை வைத்தார்கள்.

அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் கேட்டபடி, ஜேம்ஸ் கோல்மன் தலைமையிலான குழு சுமார் 4,000 பள்ளிகளில், சுமார் 6 லட்சம் மாணவர்களிடம் தரவு திரட்டி 1966-ல் அறிக்கை தந்தது. பள்ளிகளின் வசதி வேறுபாடுகளைவிடக் குடும்பப் பின்னணியும் உடன் படிப்பவர்களின் பின்னணியும் மதிப்பெண் வேறுபாட்டை அதிகம் விளக்கின.

அதிகம் தவறாகப் படிக்கப்படும் முடிவு இதுதான். "பள்ளியால் பயனில்லை" என்று அது சொல்லவில்லை. அப்போது இருந்த பள்ளிகளுக்கு இடையிலான வித்தியாசங்கள் மாணவர்களுக்கு இடையிலான வித்தியாசத்தைச் சிறிதளவே விளக்கின என்றுதான் சொல்கிறது. எல்லாப் பள்ளிகளும் ஏறத்தாழ ஒரே அளவு கற்பித்தாலும் இதே முடிவுதான் வரும். பள்ளியே இல்லாத நிலையோடு அது ஒப்பிடவும் இல்லை.

மறுஉற்பத்திக் கோட்பாடுகள்: சேர்த்துப் படிக்க வேண்டியவை

சமூக அடுக்குகளைப் பள்ளியே அடுத்த தலைமுறையிலும் மறுபடி உருவாக்குகிறது என்பவை மறுஉற்பத்திக் கோட்பாடுகள். சாமுவேல் பவுல்ஸ், ஹெர்பர்ட் கின்டிஸ் இருவரும் 1976-ல் வைத்த வாதம்: பள்ளியின் அதிகார அடுக்கும் பணியிடத்தின் அதிகார அடுக்கும் ஒத்திருக்கின்றன, பாடத்தைவிடக் கீழ்ப்படிதலே அதிகம் கற்பிக்கப்படுகிறது. இதைப் படித்த கையோடு பால் வில்லிஸின் 1977-ஆம் ஆண்டு ஆய்வுக்குப் போங்கள். அவர் இங்கிலாந்தின் ஒரு தொழில் நகரத்தில் 12 தொழிலாளர் வீட்டுப் பையன்களைப் பின்தொடர்ந்தார். அவர்கள் கீழ்ப்படியவில்லை. ஆசிரியர்களைக் கிண்டல் செய்தார்கள், படிப்பை வெறுத்தார்கள், உடலுழைப்பே ஆண்மை என்று பெருமைப்பட்டார்கள். அந்த எதிர்ப்பே அவர்களைத் தங்கள் அப்பாக்கள் பார்த்த தொழிற்சாலை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அடங்கிப்போனதால்தான் அடித்தட்டு நீடிக்கிறது என்ற எளிய விளக்கம் இதோடு உடைகிறது.

பியர் பூர்தியுவும் பஸ்ஸரோனும் 1964-லும் 1970-லும் எழுதியவை இன்னும் கூர்மையானவை. பூர்தியுவின் பண்பாட்டு மூலதனம் மூன்று வடிவங்களில் இருக்கிறது: உடலிலும் பேச்சிலும் படிந்த பழக்கம், புத்தகம் ஓவியம் போன்ற பொருள்கள், பட்டம் போன்ற நிறுவன அங்கீகாரம். பலர் "வீட்டில் எத்தனை புத்தகம்" என்று எண்ணிவிட்டுப் பண்பாட்டு மூலதனத்தை அளந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அது இரண்டாம் வடிவம் மட்டும். இந்தக் கருத்தைப் பயன்படுத்த வேண்டுமானால் இரண்டு முனைகளையும் காட்ட வேண்டும். வீட்டில் ஒரு பழக்கம் இருக்கிறது என்பது ஒரு முனை. பள்ளி அதைக் கற்பிக்காமலே எதிர்பார்த்து, கண்டவுடன் "திறமை" என்று மதிப்பிடுகிறது என்பது மறுமுனை. இரண்டாவதைக் காட்டாவிட்டால் அது வெறும் குடும்பப் பின்னணி ஆய்வுதான்.

பேசில் பெர்ன்ஸ்டைனுக்கும் இதே கதி. அவருடைய மொழிக் குறிமுறைகளை (வெவ்வேறு வர்க்கத்தினர் பேச்சைக் கையாளும் விதங்களை) "ஏழைப் பிள்ளைகளின் மொழி குறைபட்டது" என்று சுருக்கிவிடுகிறார்கள். அவரது வகைப்பிரிவு, சட்டகம் என்ற இரண்டு கருத்துகளிலிருந்து தொடங்குவது நல்லது. பாடங்களுக்கு இடையில் வேலி எவ்வளவு உயரம் (வகைப்பிரிவு), எதை எந்த வரிசையில் எந்த வேகத்தில் கற்பது என்று யார் முடிவெடுக்கிறார்கள் (சட்டகம்) என்பவை வகுப்பில் உட்கார்ந்தே பார்க்கக் கூடியவை.

மதிப்பெண்ணா, முடிவா: ஒரு கணக்கு

ரேமோன் பூதோன் 1974-ல் நம் கேள்வியை இரண்டாகப் பிரித்தார். பின்னணியால் மதிப்பெண் குறைவது முதல்நிலை விளைவு. ஒரே மதிப்பெண் இருந்தும் செலவு, அபாயம், குடும்ப எதிர்பார்ப்பு ஆகியவற்றால் மேலே படிப்பதா என்ற முடிவு மாறுவது இரண்டாம்நிலை விளைவு. தீர்வு எங்கே வேண்டும் என்பது இந்தப் பிரிவைப் பொறுத்தது என்பதால் இதற்கு நேரம் கொடுங்கள்.

கற்பனை எண்களில் பார்ப்போம். படித்த வீட்டுப் பிள்ளைகள் 100 பேரில் 60 பேர் தகுதி மதிப்பெண் பெறுகிறார்கள், அதில் 54 பேர் மேலே போகிறார்கள்: 90 சதவீதம். மற்ற 100 பேரில் 40 பேர் தகுதி பெற்று, 24 பேர் போகிறார்கள்: 60 சதவீதம். இடைவெளி 30 பேர். அந்த 40 பேரும் 90 சதவீத அளவில் போயிருந்தால் 36 பேர் போயிருப்பார்கள். அதாவது 12 பேரை இழந்தது முடிவினால். மீதி 18 மதிப்பெண்ணால்.

இங்கே நிறுத்திவிட்டால் தவறு நேரும். கணக்கை மறுபக்கத்திலிருந்து போடுங்கள்: அந்த 60 பேரும் 60 சதவீத அளவில் போயிருந்தால் 36 பேர். இப்போது முடிவின் பங்கு 18, மதிப்பெண்ணின் பங்கு 12. எந்த விகிதத்தை நிலையாக வைக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பங்கு புரள்கிறது. இரண்டையும் எழுதுங்கள், ஒன்றை மட்டும் தருபவர் தனக்குப் பிடித்த முடிவைத் தருகிறார். தகுதி பெற்றவர்களையும் மதிப்பெண் அடுக்குகளாகப் பிரித்து ஒப்பிடுவது இன்னும் நல்லது. விளிம்பில் தேறியவரையும் முதலிடம் பெற்றவரையும் ஒரே குவியலில் போட்டால் மதிப்பெண் வேறுபாடே "முடிவு" என்ற பெயரில் கணக்கில் ஏறிவிடும்.

வகுப்புக்குள் உட்காரும்போது

எண்கள் காட்டாததை இடைவினைவாதம் காட்டும். ரே ரிஸ்ட் 1970-ல் வெளியிட்ட ஆய்வில், மழலையர் வகுப்பு தொடங்கிய எட்டாம் நாளிலேயே பிள்ளைகள் மூன்று மேசைகளில் நிலையாக அமர்த்தப்பட்டிருந்தார்கள். அதற்கு முன் எந்தத் திறன் தேர்வும் நடக்கவில்லை. ஆசிரியரிடம் இருந்தவை குடும்ப விவரம், உடை, பேச்சு. முதல் மேசைக்கே கவனம் அதிகம் போனது. இரண்டாம் வகுப்பு வந்தபோது கையில் வாசிப்பு மதிப்பெண் இருந்தது; பழைய வரிசைக்கு அதுவே ஆதாரம் ஆகிவிட்டது.

உங்கள் நோக்கலுக்கு ஒரு தாளில் இருக்கை வரைபடம் போடுங்கள். ஆசிரியர் யாரைக் கேட்டார், பதிலுக்கு எத்தனை நொடி காத்திருந்தார், தவறான பதிலுக்குக் குறிப்புக் கொடுத்தாரா, அடுத்தவரிடம் போனாரா என்ற நான்கையும் குறியீடாகப் போடுங்கள். பிள்ளைகளின் பின்னணியை நோக்கல் முடிந்த பிறகே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முன்பே தெரிந்தால், நீங்கள் எதிர்பார்ப்பதையே எண்ணுவீர்கள். முதல் இரண்டு வகுப்புகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். புதிய ஆள் இருப்பதால் எல்லோரும் வேறு மாதிரி நடப்பார்கள். ஒரே வகுப்பில் கண்டதைக் கொண்டு மொத்தப் பள்ளி அமைப்பைப் பற்றியும் எழுதிவிடாதீர்கள். ரிஸ்ட்டின் ஆய்வு ஒரு வழிமுறை எப்படி இயங்குகிறது என்று காட்டியது. அது எவ்வளவு பரவலானது என்று சொல்ல வேறு தரவு வேண்டும்.

இடங்கள் பெருகும்போது

மேக்ஸ் வெபரின் வழியில் வந்த ராண்டல் காலின்ஸ் 1979-ல் சான்றிதழ்களைச் சமூக அந்தஸ்துக் குழுக்கள் எழுப்பும் வேலியாகப் பார்த்தார். சோதிக்க வேண்டுமா? ஒரே வேலைக்கு இரண்டு காலகட்டங்களில் கேட்கப்பட்ட கல்வித் தகுதியை எடுத்து, அந்த வேலையின் அன்றாடப் பணி மாறியதா என்று பாருங்கள். பணி மாறாமல் தகுதி மட்டும் உயர்ந்திருந்தால் காலின்ஸுக்கு அது ஆதரவு.

எல்லோருக்கும் இடம் கிடைத்தால் நம் கேள்வி தீர்ந்துவிடுமா? மேல்தட்டுப் பிள்ளைகள் ஏறத்தாழ எல்லோரும் ஒரு கட்டத்தை எட்டிய பிறகே அங்கே இடைவெளி குறையத் தொடங்கும் என்பது அயர்லாந்துத் தரவைக் கொண்டு ராஃப்டரியும் ஹௌட்டும் 1993-ல் வைத்த கருதுகோள். அப்போதும் போட்டி எந்தப் படிப்பு, எந்த நிறுவனம் என்பதற்கு நகரும் என்று சாமுவேல் லூகாஸ் 2001-ல் சேர்த்தார். ஆகவே சேர்ந்தவர்களை எண்ணும்போது எதில் சேர்ந்தார்கள் என்பதற்கு அட்டவணையில் ஒரு தனி நெடுவரிசை போட்டுக்கொள்ளுங்கள். அந்த நெடுவரிசை இல்லாத தரவைக் கொண்டு இடைவெளி குறைந்தது என்று எழுத முடியாது.