கூலன்டுக்குப் பதிலாகத் தண்ணீர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி, கொடைக்கானலை விட்டால் தமிழ்நாட்டில் உறைபனி ஏது, பிறகெதற்கு எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம்? இப்படிச் சொல்லித்தான் பல பட்டறைகளில் ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறார்கள். உறையாமல் காப்பது கூலன்டின் வேலைகளில் ஒன்று மட்டுமே. நம் சமவெளியில் கூலன்ட் தேவைப்படுவது துருவையும் கொதிப்பையும் தடுப்பதற்காக.

வெப்பத்தை ஏந்திச் செல்வதில் தண்ணீர் கூலன்டுக்கு ஒரு படி மேல் என்பது உண்மை. அதனால்தான் தண்ணீர் ஊற்றிய வண்டி சில மாதங்கள் எந்தக் குறையும் காட்டாமல் ஓடுகிறது, உரிமையாளரும் செலவு மிச்சம் என்று நம்பிவிடுகிறார். கேடு உள்ளே நடக்கிறது. பல எஞ்சின்களில் உடற்பகுதியான பிளாக் வார்ப்பிரும்பு, அதன் மேல் மூடியான ஹெட்டும் ரேடியேட்டரும் அலுமினியம். வெவ்வேறு உலோகங்களை ஒரே தண்ணீர் தொடும்போது அரிப்பு வேகமெடுக்கும். கூலன்டில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பான்கள் உலோகத்தின் மேல் காப்புப் படலமாக நிற்கின்றன. வெறும் தண்ணீரில் அந்தக் காப்பு இல்லை. லாரி எஞ்சின்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு: எரிதலின் அதிர்வில் பிஸ்டன் ஓடும் உருளை உறையான லைனரின் வெளிப்பக்கம் நுண்குமிழ்கள் உருவாகி உடைந்து, நாளடைவில் ஊசித் துளையே போட்டுவிடும்.

போர்வெல் தண்ணீர் இன்னும் மோசம். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் எஞ்சினின் மிகச் சூடான இடங்களிலும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டரில் இந்தப் படிவு வராது. அரிப்பு மட்டும் நிற்காது. கூலன்டுடன் கலப்பதற்கே அது ஏற்றது.

கொதிநிலையிலும் வேறுபாடு உண்டு. ரேடியேட்டரின் 15 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) மூடியின் அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 121 டிகிரியில் கொதிக்கும். பல கூலன்டுகளின் அடிப்படைப் பொருளான எத்திலீன் கிளைக்காலைப் பாதிக்குப் பாதி கலந்தால் 129 டிகிரி வரை தாங்கும். முழுப் பாரத்துடன் ஏசியையும் போட்டுக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அந்த எட்டு டிகிரி பெரிய துணை.

கூலன்ட் வாங்குபவர்களும் தவறு செய்கிறார்கள். அடர் கூலன்டைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் வெப்பம் சரியாக வெளியேறாது. அப்படியே ஊற்றும் வகையா, கலக்கும் வகையா என்பது டப்பாவிலேயே இருக்கும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள்; ஒரே பச்சையில் வெவ்வேறு ரசாயனங்கள் வருகின்றன. பொருந்தாதவற்றைக் கலந்தால் காப்புத் திறன் குறையும், சில சமயம் கூழாகத் திரளும். கையேட்டில் சொன்ன வகையே சரி.

எஞ்சின் சூடாகும் வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கத்தையும் நான் கடுமையாக எதிர்க்கிறேன். அது இல்லாத எஞ்சின் உரிய சூட்டை எட்டத் தாமதமாகும். எரிபொருள் வீணாகும், தேய்மானமும் கூடும்.

வழியில் கூலன்ட் ஒழுகிப்போய் அருகில் கடையும் இல்லையென்றால் தண்ணீர் ஊற்றுவதில் தவறில்லை. ஆனால் எஞ்சினை அணைத்து, நன்றாக ஆறவிடுங்கள். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் ஹெட் விரிசல் விடலாம். வெப்பமானியின் முள் திடீரென இறங்கினாலும் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீர் முழுதும் வற்றி, சென்சார் காற்றில் நின்றாலும் முள் இறங்கும். ஊர் வந்ததும் ஒழுகலை அடைத்து, அந்தத் தண்ணீரை முழுவதும் வடித்து, புதுக் கூலன்ட் நிரப்பச் சொல்லுங்கள்.

வடித்த பழைய கூலன்டைத் தெருவில் ஊற்ற விடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. நாயும் பூனையும் நக்கிக் குடித்து, சிறுநீரகம் பழுதாகி இறந்துபோகும். மூடியுள்ள கேனில் பிடித்து, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, கழிவை முறையாக அகற்றும் சர்வீஸ் மையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.