புழுக்கக் காலத்தில் பூஞ்சையை அண்டவிடாமல் இருக்க

சுவரில் கறுப்புப் புள்ளி தெரிந்த பிறகு எதைப் போட்டுத் துடைப்பது என்றுதான் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். துடைப்பது கடைசி வேலை. பூஞ்சை வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் இருக்கின்றன. அவற்றை அடியோடு ஒழிக்க முடியாது. ஆனால் ஈரம் கிடைக்காவிட்டால் அவை முளைக்காது.

முதலில் ஓர் ஈரப்பதமானி வாங்குங்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 50-ஐ ஒட்டி இருந்தால் இன்னும் நல்லது. என்னுடையதைக் கூடத்தில் மாட்டாமல் துணி அலமாரிக்குள் வைத்திருக்கிறேன், புழுக்கம் முதலில் தங்குவது அங்கேதான்.

'ஜன்னலைத் திறந்து வையுங்கள்' என்ற அறிவுரையை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். வெளியே 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால், அந்தக் காற்று சுமார் 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் கோக்கத் தொடங்கிவிடும். ஏசி ஓடி 22 டிகிரியில் இருக்கும் அறைக்குள் அதை விட்டால் சுவரும் கண்ணாடியும் வேர்க்காமல் என்ன செய்யும்? ஏசி அறையை மூடியே வையுங்கள். ஏசி இல்லாத அறையில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து மின்விசிறியை ஓடவிடுங்கள்.

ஏசியை 18-இல் வைப்பதும் வேண்டாத வேலை. சுவர் முழுக்கக் குளிர்ந்து, அதன் மறுபக்கத்தில், அதாவது ஏசி இல்லாத அடுத்த அறையில், பூஞ்சை பூக்கும். காரணம் புரியாமல் அந்த அறைக்கு மறுபடி மறுபடி வெள்ளையடிப்பவர்கள் உண்டு. 25, 26 போதும். ஏசியின் நீர்வடி குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். நான்கு விரல் இடைவெளி விடுங்கள். இஸ்திரி போட்ட துணியைச் சூடு ஆறிய பிறகே அடுக்குங்கள். தோல் பெல்ட்டின் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: வியர்வை பட்ட இடத்தில்தான் சாம்பல் நிறப் பொடி முதலில் படரும். வியர்வையும் தூசியும் பூஞ்சைக்கு உணவு. துடைத்து, காயவைத்து, பிறகு உள்ளே வையுங்கள். அந்துருண்டை பூச்சிக்கு மட்டுமே. ஈரத்தை உறிஞ்ச சிலிக்கா ஜெல் வேண்டும், அதுவும் மூடிய பெட்டிக்குள்தான் பயன் தரும்.

குளித்து முடித்ததும் சுவர்த் தண்ணீரை வைப்பரால் வழித்துவிட்டு, வெளியேற்றும் விசிறியை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். நனைந்த மிதியடி, மெத்தை எதுவானாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்தாக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் புள்ளி வந்தால், முகக்கவசம் அணிந்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவையுங்கள். உலர்ந்த பிரஷால் தேய்த்தால் வித்துகள் வீடெங்கும் பறக்கும். ப்ளீச்சிங் திரவத்தோடு வினிகரையோ அம்மோனியாவையோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

அதே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறதா? அங்கே ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். வெளிப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் அறைக் காற்றிலிருந்து வருகிறது. சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளேயே கசிவு இருக்கலாம். பிளம்பரை அழையுங்கள், பெயின்டர் பிறகு வரட்டும்.