பாஸ் வாங்குமுன் ஆசனத்தைப் பாருங்கள்

சென்ற வாரம் திருகோணமலைப் புகையிரத நிலையத்தில், கொழும்புக்கு இரவு மெயில் ஏறும் குடும்பமொன்றை வழியனுப்பப் போயிருந்தேன். எட்டுப் பேர். பாரிஸில் இறங்கி, சூரிச்சில் ஒரு கல்யாணம், பிறகு ஸ்டுட்கார்ட். "எல்லோருக்கும் யூரெயில் பாஸ் எடுத்துவிட்டோம் அண்ணா, இனி எந்த ரயிலிலும் ஏறலாம்" என்றான் மூத்த பையன். சில வருடங்களுக்கு முன் நானும் இதையே சொல்லிக்கொண்டுதான் புறப்பட்டேன். யூரெயில் என்பது ஐரோப்பாவின் பல நாட்டு ரயில்களுக்கும் பொதுவான ஒரு பயணச்சீட்டு. கடவுச்சீட்டு எண், பெயரெழுத்து எல்லாம் எவரும் சரிபார்ப்பார்கள்; அவற்றை விடுகிறேன். பாஸ் விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பாஸ் இருந்தால் ஆசனமும் உண்டு என்று நம்புவது

நமக்குப் பழக்கமானது சீசன் டிக்கெட். மாதத்துக்கு ஒருமுறை பணம் கட்டினால் வருகிற ரயிலில் ஏறிவிடலாம். ஜேர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பெரும்பாலான ரயில்களில் பாஸும் ஏறக்குறைய அப்படித்தான். பிரான்சின் டிஜிவி, லண்டன் போகும் யூரோஸ்டார், இத்தாலி, ஸ்பெயின் அதிவேக ரயில்கள் அப்படியல்ல. பாஸுக்கு மேல் தலைக்கொரு முற்பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும். அதைவிட மோசம், பாஸ் வைத்திருப்பவர்களுக்கென விடும் இடங்கள் பல ரயில்களில் கொஞ்சம்தான்.

நாங்கள் ஒன்பது பேர். ஓகஸ்ட் மாதம், பாரிஸிலிருந்து சூரிச்சுக்கு. மூன்று நாட்களுக்கு முன்தான் ஆசனம் தேடினேன். பாஸுக்குரிய இடம் மூன்றே மிச்சம். அதே ரயிலில் சாதாரண டிக்கெட் தாராளமாக இருந்தது. அம்மா, பெரியம்மா, மாமா மூவருக்கும் அந்த இடங்களை எடுத்துவிட்டு, மற்ற ஆறு பேருக்கும் கடைசி நேர விலையில் டிக்கெட் வாங்கினேன். ஒரே ஓட்டத்துக்கு இரண்டு முறை பணம். இரண்டு மாதம் முன்பே தனி டிக்கெட் எடுத்திருந்தால் பாஸே தேவைப்பட்டிராது. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. தனி ஆளுக்கு எங்காவது ஓர் ஆசனம் அகப்படும். ஒன்பது பேருக்கு ஒரே ரயிலில் அகப்படாது.

ஆகவே எந்த நாள், எங்கிருந்து எங்கே என்று முதலில் எழுதுங்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் இன்றைய டிக்கெட் விலையைப் போடுங்கள். எதிரே பாஸின் ஒரு நாள் பங்கையும் முற்பதிவுக் கட்டணத்தையும் போடுங்கள். திகதி மாறாத கல்யாணப் பயணத்தில் பெரும்பாலும் தனி டிக்கெட்தான் மலிவு. நினைத்த நாளில் ஊர் ஊராகச் சுற்றுபவருக்கே பாஸ்.

குறுகிய ஓட்டத்துக்குப் பயண நாளைச் செலவழிப்பது

இத்தனை பயண நாட்கள் என்று எண்ணி வாங்கும் பாஸில், சிறிய ஓட்டமும் ஒரு முழு நாளைத் தின்றுவிடும். சூரிச்சிலிருந்து விண்டர்தூர் அரை மணி நேரம்கூட இல்லை. அதற்குத் தனி டிக்கெட் வாங்குங்கள்.

அங்குள்ள உறவினருக்கும் அதே பாஸ் எடுப்பது

யூரெயில் ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு மட்டும். சூரிச் சித்தப்பாவுக்கு, ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கான இன்டர்ரெயில் பாஸ்தான். சுவிட்சர்லாந்துக்கு வெளியே வசிப்பவர்களுக்கான சுவிஸ் டிராவல் பாஸும் அவருக்குக் கிடையாது. ஸ்டுட்கார்ட் பக்கம் சேர்ந்து சுற்றுவதானால் பாடன்-வூர்ட்டம்பெர்க் டிக்கெட்டைப் பாருங்கள். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட், யார் எங்கே வசித்தாலும் சரி. உள்ளூர் ரயில்களில் மட்டும், வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகு.

பிள்ளைகளைக் கணக்கில் விடுவது

பெரியவரோடு வரும் 4 முதல் 11 வயதுப் பிள்ளைக்கு யூரெயில் பாஸ் இலவசம். ஆசன முற்பதிவு இலவசமில்லை.

மெயில் புறப்பட இன்னும் நேரமிருந்தது. பையனின் கைபேசியிலேயே பாரிஸ்–சூரிச் ஆசனங்களைத் தேடவைத்தேன். ஐந்து பேருக்குப் பாஸில் இடம் கிடைத்தது. மற்ற மூவருக்கும் மேடையில் நின்றபடியே டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன்.