சிறிய காரில் இழுவை குறைந்தால்: பழுது இன்ஜினிலா, சக்கரம் வரையிலான வழியிலா?

796 சி.சி. கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட மாருதி ஆல்ட்டோ 800 போன்ற காரில் "பிக்கப் இல்லை" என்று சொல்லும்போது, அதற்குப் பின்னால் மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கக்கூடும். இன்ஜின் போதிய சக்தியை உண்டாக்காமல் இருக்கலாம். உண்டான சக்தி சக்கரங்களைச் சென்று சேராமல் இருக்கலாம். அல்லது பிடித்துக்கொண்ட பிரேக் அதைத் தின்றுகொண்டிருக்கலாம். எது என்று பிரித்தறியாமல் பிளக், ஃபில்டர், பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவதுதான் பெரும்பாலும் பணத்தை விழுங்குகிறது.

ஆகவே முதலில் கிளட்சைச் சோதியுங்கள். ஆளரவமற்ற சமதளச் சாலையில் நான்காம் கியரில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது ஆக்ஸிலரேட்டரை முழுவதுமாக அழுத்திப் பாருங்கள். இன்ஜின் இரைச்சல் சட்டென்று உயர்ந்தும் வண்டியின் வேகம் அதற்கேற்பக் கூடவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. இவ்வகைக் கார்கள் பலவற்றில் ஆர்.பி.எம். மீட்டர் இல்லாததால் காதைத்தான் நம்ப வேண்டும். ஆனால் அந்த வேறுபாடு தவறாமல் கேட்கும். கருகிய நாற்றமும் சேர்ந்து வந்தால் ஐயமே வேண்டாம். கிளட்ச் பிளேட்டை மாற்றுவதற்கு முன், கிளட்ச் பெடலில் சிறிதளவாவது தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் அளவுக்கு மீறி இறுகியிருந்தால் நல்ல பிளேட்டும் வழுக்கும். கியர்பாக்ஸைக் கழற்றினால் ஆயில் சீல் கசிந்து பிளேட்டை நனைத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள்; இல்லையேல் புதிய பிளேட்டும் விரைவில் வழுக்கத் தொடங்கும்.

பிரேக் சோதனை எளிது. சில கிலோமீட்டர் ஓட்டியபின் சக்கரங்களுக்கு அருகில் கையைத் தொடாமல் கொண்டுசென்று, இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அங்கே காலிப்பரோ (பிரேக் பேடை அழுத்தும் பகுதி) ஹேண்ட்பிரேக் கேபிளோ சிக்கியிருக்கிறது.

இவ்விரண்டும் சரியாக இருந்து, ஆக்ஸிலரேட்டரை அழுத்தியும் இரைச்சலே உயர மறுத்தால் இன்ஜினைப் பார்க்க வேண்டும். மூன்று சிலிண்டர் இன்ஜினில் ஒன்று வேலை செய்யாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடும் என்பதால், மிஸ்ஸிங் (சிலிண்டர் எரியாமல் விடுவது) இருப்பதை ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும்போது, வண்டி குலுங்குவதிலேயே உணரலாம். இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது, சிலிண்டருக்குப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். எந்தச் சிலிண்டரின் கனெக்டரைக் கழற்றும்போது ஓட்டத்தில் மாற்றம் தெரியவில்லையோ, அதுவே செத்த சிலிண்டர். ஓடும் இன்ஜினில் பிளக் வயரைக் கழற்றும் பழைய முறையைக் கைவிட வேண்டுகிறேன். மின்னதிர்ச்சிக்கு இடமாவதோடு, எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் கெடுக்கும். பிளக்கை மாற்றியும் அந்தச் சிலிண்டர் உயிர்பெறவில்லை என்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். அளவு குறைவாக இருந்து, சிலிண்டருக்குள் சிறிது ஆயில் விட்டதும் உயர்ந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. உயராவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ குறை இருக்கிறது.

மிஸ்ஸிங் இல்லாமல், ஐட்லிங் சீராக இருந்தும் மேலே போகப் போக மூச்சடைப்பது போலிருந்தால் ஏர் ஃபில்டர், பெட்ரோல் அழுத்தம், அடைத்துக்கொண்ட கன்வர்ட்டர் என்ற வரிசையில் தேடுங்கள். வால்வுகள் திறக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்தும் டைமிங் பெல்ட்டை அண்மையில் மாற்றிய வண்டியானால் அது ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கவும் கூடும்.

ஊட்டி போன்ற, ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரமுள்ள இடத்தில் காற்று மெலிந்திருப்பதால் எந்தப் பழுதும் இல்லாமலே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தி குறையும். ஆல்ட்டோ 800 தன் முழு முறுக்குவிசையான 69 நியூட்டன் மீட்டரை நிமிடத்துக்கு 3,500 சுழற்சி வேகத்தில்தான் தருகிறது. ஆகையால் கொண்டை ஊசி வளைவில் தயங்காமல் கீழ் கியருக்கு இறங்குங்கள்.

கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுசெல்லும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டின் பழுது சக்தியைக் குறைப்பதைவிடச் சத்தமாகவே வெளிப்படும். ஸ்டியரிங்கை முழுவதுமாகத் திருப்பி மெல்ல நகரும்போது "டக் டக்" என்று கேட்டால் சக்கரத்தின் பக்கமுள்ள சி.வி. ஜாயின்ட் (அந்தத் தண்டின் வளைந்து சுழலும் மூட்டு) தேய்ந்திருக்கிறது; நேராக ஓடி வேகமெடுக்கும்போது மட்டும் அதிர்ந்தால் கியர்பாக்ஸ் பக்கமுள்ள ஜாயின்ட்டைப் பாருங்கள். சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் தெறித்திருந்தால் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்துவிட்டது. சத்தம் தொடங்கும் முன்பே அதை மாற்றிப் புதிய கிரீஸ் நிரப்பினால் ஜாயின்ட்டைக் காப்பாற்றிவிடலாம்.