பழைய வேனுக்குள் பயண வீடு: சென்னையின் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஏற்ற உள்வேலை

வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையின் ஸ்டாண்டர்டு 20 வேனும், 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறிய பஜாஜ் டெம்போ நிறுவனத்தின் மெட்டடார் வேனும் சென்னைப் பட்டறைகளிலும் பழைய வீடுகளின் பின்கட்டிலும் இன்னும் அங்கங்கே தென்படுகின்றன. அப்படி ஒன்றை வாங்கி, எஞ்சின், பிரேக், ஸ்டியரிங் வேலைகளையெல்லாம் முடித்து, அதற்குள் உறங்கவும் சமைக்கவும் வசதி செய்துகொள்ள விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். தொடக்கத்திலேயே ஒன்றை வலியுறுத்த வேண்டும்: உள்ளே பொருத்தும் ஒவ்வொரு பொருளும் ஒரு ஸ்பேனரால் கழற்றி வெளியே எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பழைய தகடு அடிக்கடி பார்வையிடப்பட வேண்டியது. கடற்காற்று வீசும் ஊரில் மரத்துக்கும் தகட்டுக்கும் இடையில் தேங்கும் ஈரம் கண்ணுக்குத் தெரியாமலேயே தரையை அரித்துவிடும். பசை போட்டு ஒட்டியும் பற்றவைத்தும் நிரந்தரமாக்கிய உள்வேலை எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வண்டியின் ஆயுளைக் குறைக்கும்.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. ஆகவே கூரையை வெட்டி உயர்த்துவது, பக்கவாட்டில் புதிய ஜன்னல் திறப்பது போன்ற வேலைகளை அடியோடு தவிர்த்துவிடலாம். இருக்கைகளைக் கழற்றுவதாக இருந்தால், முன்கூட்டியே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றிய இருக்கைகளையும் அவற்றின் போல்ட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். சொந்தப் பயன்பாட்டு வண்டிக்கு 15 ஆண்டுகள் கழிந்த பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், ஆய்வு நாளில் உள்வேலையைக் கழற்றிக் காட்ட முடிவது பெரிய நிம்மதி. 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 2021இல் கொண்டுவரப்பட்ட விண்டேஜ் பதிவு கவர்ச்சியாகத் தோன்றினாலும், அந்தப் பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்ற காரணங்களுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம் என்பதால், பயணம் போக நினைப்பவருக்கு அது உதவாது.

தகடு முதலில்

உள்ளே இருக்கும் பழைய ரெக்சின், அட்டை, தரைவிரிப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வண்டியை வெற்றுத் தகடாக்குங்கள். பிறகு ஒருவர் உள்ளே டார்ச்சுடன் அமர்ந்திருக்க, மற்றொருவர் வெளியிலிருந்து ஹோஸ் குழாயால் கூரை ஓரம், ஜன்னல் ரப்பர், பின்கதவு என ஒவ்வோர் இடமாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். கீழிருந்து தொடங்கி மேலே போனால்தான் கசிவு எங்கிருந்து வருகிறது என்பது குழப்பமில்லாமல் தெரியும். கெட்டிப்பட்ட ஜன்னல் ரப்பருக்கு சிலிகான் பூசித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். சிலிகானுக்கு அடியில் தண்ணீர் தங்கித் துரு வேகமாகப் பரவும். வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் பொருந்தக்கூடிய ரப்பர் பீடிங் கிடைக்கும்.

சக்கர வளைவு, கதவுப்படி, தரையின் ஓரங்கள் ஆகியவை துருவின் வழக்கமான இருப்பிடங்கள். ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துத்தான் ஆக வேண்டும், பட்டி பூசி மறைப்பதில் பயனில்லை. மேலோட்டமான துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி பூசி, காய்ந்தபின் எபாக்சி பிரைமர் அடிக்கலாம். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து நிறுத்துவது நம் பட்டறைகளில் வழக்கம். ஆனால் அது ஈரத்தை உள்ளே விடும் தன்மையுடையது, மேலே வேறொரு பூச்சு இல்லாமல் அது காவல் ஆகாது. கதவுப்படியின் அடியில் இருக்கும் சிறு வடிகால் துளைகள் பல ஆண்டுச் சேற்றால் அடைபட்டிருக்கும். அவற்றைத் திறந்துவிடுங்கள், ஒருபோதும் மூடாதீர்கள்.

வெயிலைத் தடுப்பது

குளிர்நாடுகளின் வழிகாட்டிகள் வண்டிக்குள் சூட்டைத் தக்கவைப்பது பற்றிப் பேசுகின்றன. நம் வேலை நேர்மாறானது. கத்திரி வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வெப்பம் பெரும்பாலும் கூரை வழியாகவும் கண்ணாடி வழியாகவும்தான் இறங்குகிறது. எனவே பணத்தையும் தடிமனையும் கூரைக்கே கொடுங்கள். ஏசி குழாய்களுக்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஃபோம், 19 மி.மீ. தடிமனில், நல்ல தேர்வு. அதன் நுண்ணறைகள் மூடியவை என்பதால் ஈரத்தை உறிஞ்சாது. கண்ணாடிப் பஞ்சை வண்டியில் வைக்க வேண்டாம், ஒருமுறை நனைந்தால் அது காய்வதேயில்லை. அலுமினியத் தாள் ஒட்டிய ஃபோம் வாங்கினால், பளபளக்கும் பக்கத்துக்கு முன் ஓர் அங்குலமாவது காற்றிடைவெளி விட வேண்டும். இடைவெளி இல்லாமல் பலகையோடு ஒட்டி அழுத்தினால் அந்தத் தாளுக்கு வேலையே இல்லை. இந்த ஃபோமை ஒட்டுவதுதான் கழற்றும் விதிக்கு ஒரே விலக்கு. அதற்கும் வெப்பம் தாங்கும் ரப்பர் பசையையே கேட்டு வாங்குங்கள், சாதாரணப் பசை மே மாதத்தில் இளகிக் கூரையிலிருந்து ஃபோம் தொங்கிவிடும்.

கூரைக்கு வெளியே வெள்ளை வண்ணம் அடிப்பது உள்ளே செய்யும் எந்தத் தடுப்பைவிடவும் மலிவானது, பலன் மிகுந்தது. ஆனால் வண்ணம் மாறினால் பதிவுச் சான்றிதழிலும் மாற்ற வேண்டும். கண்ணாடிக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே நிழல் தருவதே மேல், ஏனெனில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட வெயில் திரையையே சூடாக்கிவிடும். கூரையின் பக்கவாட்டில் மழைநீர் வடியும் விளிம்பில் கொக்கி மாட்டி இறக்கும் கித்தான் பந்தல் ஒன்று ஜன்னலுக்கு நிழலும் சமைக்க இடமும் தரும்.

பக்கச் சுவருக்கு 10 மி.மீ. ஃபோம் போதும். அதைச் சென்னைக்காக மட்டும் வைப்பதாக எண்ண வேண்டாம். ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ இரவு தங்கும்போது, உறங்குவோரின் மூச்சுக்காற்று வெற்றுத் தகட்டில் பட்டு நீராக வழிவதை அது தடுக்கும்.

அளவும் மரமும்

வண்டிக்குள் ரசமட்டம் பயன்படாது. வண்டி நிற்கும் தரை சமமாக இருப்பதில்லை, பழைய ஸ்பிரிங்குகளும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. ஆகவே தரைத் தகட்டின் நீளவாக்கில் ஒரு நூல் கட்டி மையக்கோடு இட்டு, எல்லா அளவையும் அதிலிருந்து எடுங்கள். சுவர்களின் வளைவுக்கு ஃபிரிட்ஜ் பெட்டி அட்டையை வெட்டி வெட்டிப் பொருத்திப் பார்த்து, சரியான பிறகே பிளைவுட்டில் வரைய வேண்டும். இடது பக்க அட்டையைத் திருப்பி வலது பக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள், கையால் தட்டிச் சீராக்கிய பழைய உடல்களில் இரு பக்கமும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

எடையை எப்போதும் நினைவில் வைத்திருங்கள். எட்டுக்கு நான்கு அடி அளவுள்ள 18 மி.மீ. பிளைவுட் ஒன்று 35 முதல் 40 கிலோ வரை இருக்கும்; 9 மி.மீ. பலகை அதில் பாதி. வீட்டு அலமாரிக்குப் பழகிய ஆசாரி 18 மி.மீ. பலகையைத்தான் சொல்வார், அவரிடம் பொறுமையாக விளக்க வேண்டும். 25க்கு 35 மி.மீ. தேக்குச் சட்டங்களால் கூடு செய்து, அதன்மேல் 9 மி.மீ. பலகை போர்த்தினால் வலிமை குறையாமல் எடை குறையும். பிளைவுட்டில் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள கடல்தரப் பலகையையே கேளுங்கள். சட்டத்துக்கு, இடித்த வீடுகளிலிருந்து வரும் பழைய பர்மா தேக்கைவிடச் சிறந்தது இல்லை. பல பத்தாண்டுகள் காய்ந்த அந்த மரம் இனி வளையாது. உள்ளே முறிந்து நிற்கும் ஆணிகளைக் காந்தத்தால் தேடிப் பிடுங்கிய பிறகே இழைப்புளி வைக்க வேண்டும். மாமரம் மலிவுதான், ஆனால் வண்டு துளைத்துவிடும்.

அலமாரிக் கதவுகளுக்குப் பிரம்புப் பின்னலைப் பரிந்துரைக்கிறேன். எடை சொற்பம், காற்று உள்ளே போய்வருவதால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் துணிகளில் பூஞ்சணம் பிடிப்பதில்லை. மரத்துக்குப் பிரெஞ்சு பாலிஷ் வேண்டாம், ஈரம் பட்டால் வெளுத்துவிடும், மங்கலான பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு ஏற்றது. பலகையின் வெட்டுமுனைகளுக்கும் அடிப்பக்கத்துக்கும் அதே பூச்சை மறக்காமல் கொடுங்கள், தண்ணீர் ஏறுவது அங்கேதான்.

தரைக்கு 12 மி.மீ. பலகையை இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டுங்கள், முழுத்துண்டாக இருந்தால் எடுக்க முடியாது. சட்டங்களை வண்டியின் உட்புற விலாச் சட்டங்களில் ரிவெட் நட் (தகட்டுத் துளையில் நிலையாகப் பதியும் மரை) பதித்து போல்ட்டால் பிணையுங்கள். வெளித்தகட்டில் துளையிடக் கூடாது. முடிந்தவரை பழைய இருக்கைகளின் போல்ட் துளைகளையே பயன்படுத்துங்கள். தரையில் புதிதாகத் துளையிட நேர்ந்தால், முதலில் அடியில் படுத்து எரிபொருள் தொட்டியும் பிரேக் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பார்க்க வேண்டும். துளையின் விளிம்புக்குப் பிரைமர் பூசி, அடியில் அகலமான வாஷர் வையுங்கள்.

படுக்கை

இருவர் உறங்க 6 அடி நீளமும் 4 அடி அகலமும் வேண்டும். ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்த மரச்சட்டங்கள் இழுப்பறைபோல நீளும் அமைப்பே எளியது: பகலில் 2 அடி அகலப் பெஞ்சு, இழுத்தால் கட்டில். கீல்கள் இல்லை, பழுதாக எதுவுமில்லை. சட்டங்களுக்கு இடையே இரு விரல் இடைவெளி விட்டால் மெத்தையின் அடிப்பக்கம் மூச்சுவிடும். மெத்தைக்கு ரப்பர் கலந்த தேங்காய் நார் பலகை 2 அங்குலம், அதன்மேல் மெல்லிய இலவம்பஞ்சு மெத்தை என்பது என் தேர்வு. முழு ஃபோம் மெத்தை வியர்வையைத் தேக்கிவைக்கும், இலவம்பஞ்சை வெயிலில் போட்டு எடுத்தால் புதிதாகிவிடும். பெஞ்சின் மேல் பவானி ஜமுக்காளம் விரித்தால் அழுக்கும் உராய்வும் தாங்கும். வண்டி ஓடும்போது இந்தப் பக்கவாட்டுப் பெஞ்சில் யாரும் அமரக் கூடாது. பயணிகளுக்கு வண்டியோடு வந்த, முன்நோக்கிய இருக்கைகள் மட்டுமே.

கொசுவுக்கு வழி செய்யாமல் இந்த ஊரில் படுக்கை நிறைவடையாது. திறக்கும் ஒவ்வொரு ஜன்னலுக்கும் மரச்சட்டத்தில் வலை அடித்து, காந்தப் பட்டையால் தகட்டோடு ஒட்ட வையுங்கள். அவற்றில் ஒரு சட்டத்தில் 12 வோல்ட் மின்விசிறியைக் காற்றை வெளியேற்றும் வகையில் பொருத்தினால், எதிர் ஜன்னலிலிருந்து காற்று உள்ளே வரும்; கூரையில் துளையிடும் தேவை வராது.

சமையலும் தண்ணீரும்

சமையலைப் பின்கதவருகே, வெளியே இழுக்கும் பெட்டியாக அமைப்பதே சரி. தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை படுக்கைத் துணியில் ஏறினால் போகாது. மூடிய வண்டிக்குள் அடுப்பெரிப்பது கார்பன் மோனாக்சைடு சேர்வதால் உயிருக்கே ஆபத்து. 5 கிலோ சிலிண்டர் போதுமானது. அது நிமிர்ந்தே இருக்க வேண்டும், பெல்ட்டால் கட்டியிருக்க வேண்டும், ஓட்டத்தின்போது ரெகுலேட்டரைக் கழற்றி மூடியிட வேண்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். இரவில் சிலிண்டரை வண்டிக்கு வெளியே வைத்துவிட்டு உறங்குவதே பாதுகாப்பு. தண்ணீருக்குத் தனித் தொட்டி செய்ய வேண்டியதில்லை. எந்த ஊரிலும் மாற்றிக்கொள்ளக்கூடிய 20 லிட்டர் கேன் இருக்கும்போது, அதற்கேற்ற கூடும் காலால் மிதிக்கும் ஒரு சிறு பம்பும் போதும்.

மின்சாரம்

விசிறி, விளக்கு, கைப்பேசி, சிறு ஃபிரிட்ஜ் ஆகியவற்றுக்கு ஒரு நாளில் சுமார் 800 வாட்-மணி ஆகும். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 1,280 வாட்-மணி இருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மலிவாகக் கிடைத்தாலும் 50 கிலோவைத் தாண்டும், ஹைட்ரஜனும் வெளியிடும், ஆகவே வேண்டாம். பழைய வண்டியின் டைனமோவோடு லித்தியம் பேட்டரியை நேரடியாக இணைத்தால் டைனமோ சூடேறிக் கருகும். இடையில் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம். சோலார் பலகையைக் கூரைக் கேரியரில் கட்டலாம். கம்பிகள் பல இழைகள் கொண்டவையாக இருக்கட்டும், ஒற்றைக் கம்பி அதிர்வில் முறியும். தகட்டைத் துளைத்துப் போகும் இடங்களில் ரப்பர் வளையம் வையுங்கள்; பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் வையுங்கள். மின்னணுப் பொருட்களுக்குப் பெயர்போன ரிச்சி தெருவில் இவை அனைத்தும் கிடைக்கும்.

ஓட்டிப் பார்ப்பது

வேலைக்கு முன்னும் பின்னும் வண்டியை எடைமேடையில் ஏற்றி, முன் அச்சு, பின் அச்சு என்று தனித்தனியே எடை பாருங்கள். முன்னோ பின்னோ ஒரு பக்கம் மட்டும் கனத்திருந்தால் தண்ணீர் கேனையும் பேட்டரியையும் எதிர்ப்பக்கம் மாற்றுங்கள். பிறகு வேகத்தடைகளும் குழிகளும் நிறைந்த சாலையில் ஓட்டி, ஒலி வரும் மூட்டுகளைக் குறித்துக்கொண்டு, நைலான் பூட்டு நட்டுகளால் இறுக்குங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, போகிக்கு வீட்டை ஒழிக்கும் நாட்களிலேயே வண்டியின் தரைப் பலகைகளையும் எடுத்து வெயிலில் சாய்த்து வைத்து, தகட்டின் மூலைமுடுக்குகளைப் பார்த்து, துரு தொடங்கிய இடங்களில் பிரைமரும் மெழுகுப் பூச்சும் கொடுத்து, ஒரு வாரம் காயவிட்டு மீண்டும் பூட்டுங்கள்.