பின்பக்க கிராங் ஒயில் சீல் மாற்றுவது எப்படி?

எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்தில் ஒயில் சொட்டினால் உடனே ‘சீல் போயிட்டுது’ என்று முடிவு கட்டாதீர்கள். கிராங் தண்டின் பின்முனையைச் சுற்றி ஒயில் கசியாமல் அடைக்கும் இந்தச் சீல் சின்னச் சாமான்தான், ஆனால் அதற்காகக் கியர்பொக்ஸையே இறக்க வேண்டும். முதலில் டெப்பட் கவரை (எஞ்சினின் மேல்மூடி) டோர்ச் அடித்துப் பாருங்கள். அங்கே கசிகிற ஒயிலும் எஞ்சினின் பின்புறத்தால் வடிந்து இதே இடத்தில் சொட்டும். விரலில் தொட்டு மணந்தும் பாருங்கள். கந்தக நாற்றம் அடித்தால் அது கியர் ஒயில்.

யாழ்ப்பாணத்து மொறிஸ் மைனர்காரர் இந்தச் சீலைத் தேடி ஸ்டான்லி வீதியில் அலைய வேண்டாம். அதன் ஏ-சீரிஸ் எஞ்சினில் பின்பக்கம் றப்பர் சீலே இல்லை. ஒயிலை உள்ளே திருப்பிவிடும் திருகு வெட்டு மட்டுந்தான். கொஞ்சம் சொட்டுவது அதன் குணம்.

மற்றக் கார்களுக்கு (மனுவல் கியர்) இப்படிச் செய்யலாம். பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். காரை உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. எஞ்சினுக்கு முட்டுக் கொடுத்து, துணைக்கு ஓராளை வைத்துக்கொண்டு கியர்பொக்ஸை இறக்குங்கள். கிளச் கவரையும் பிளைவீலையும் (கிராங் முனையில் பூட்டிய கனத்த சக்கரம்) அடையாளம் போட்டுக் கழற்றுங்கள்.

இனித்தான் நிதானம் வேண்டும். பழைய சீல் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து வையுங்கள். ஸ்க்ரூ ட்ரைவர் நுனியில் டேப் சுற்றி, மெதுவாக நெம்புங்கள். கிராங்கில் ஒரு கீறல் விழுந்தாலும் புதுச் சீல் நிற்காது. துடைத்தபின் சீல் உரசும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால், இடமிருக்கும் எஞ்சினில் சீலை ஒரு மில்லிமீற்றர் தள்ளிப் பொருத்தலாம்.

சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் எஞ்சினைப் பார்க்க வேண்டும். சாதாரண றப்பர் சீல் என்றால் உதட்டில் எஞ்சின் ஒயில் பூசுங்கள். டெஃப்லோன் சீலை உலர்வாகவே போட வேண்டும். புதுச் சீலின் மேல் பழையதை வைத்து, சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்டுங்கள். ஒரு பக்கம் சரிந்தால் மடிந்துவிடும்.

பிளைவீல் போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, அந்தக் காருக்குரிய டோர்க்கில் (இறுக்க அளவில்) இறுக்குங்கள். ஒயிலில் ஊறிய கிளச் பிளேட்டை மாற்றிவிடுங்கள். கழுவிப் போட்டாலும் வழுக்கும்.

அப்புறம் எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வைக் கழற்றிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புதுச் சீலாலும் ஒயில் வெளியே வரும்.